குதிரைப் பாட்டுக்கு ஒரு நேயர் விருப்பம்

அண்ணை,

இன்று காலை என் வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் நின்றுவிட்டது. நீங்கள் இருந்திருந்தால், "டீச்சர், அது நிக்கேல்லை, களைச்சுப் போச்சு. முதல்ல ஒரு தேத்தண்ணி வையுங்கோ" என்றபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருப்பீர்கள். இப்போது கம்பனியிலிருந்து நடுத்தர வயதுப் போலந்துக்காரர் ஒருவர் வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அப்போதே எனக்கு அந்த ஆள் மேல் பாதி நம்பிக்கை போய்விட்டது.

முன் மூடியைக் கழற்றியவர், உள்ளே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மூடியின் உட்பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். சூட்டில் ஓரமெல்லாம் பழுப்பாகிச் சுருண்டு கிடந்தது. பூசணிக்காய்க்குக் கழுத்து முளைத்தது போல ஒரு கிற்றார் படம். அதன் கீழே, 'ஞாயிறு மாலை கன்ட்ரி பாட்டு. உங்கள் விருப்பத்தைக் கேட்க அழையுங்கள்' என்று தமிழில் எழுதி, நம் வானொலியின் தொலைபேசி இலக்கம். இது ஏதாவது பாதுகாப்பு எச்சரிக்கையா, காஸ் கசிந்தால் செய்ய வேண்டியது எழுதியிருக்கிறதா என்று அவர் கவலையோடு கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குசினிக் கதிரையில் உட்கார்ந்ததும் அழுகையும் வந்தது. பொயிலருக்காக இப்படி அழுகிற பெண்ணை அந்த மனிதர் பார்த்திருக்க மாட்டார். சூடேறிய தூசியும் செப்புக் குழாயும் கலந்த அந்த மணம், உங்கள் ஜாக்கெட்டின் மணம், வீடு முழுக்கப் பரவியிருந்தது.

கோயில் மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் போன மாதம் கேட்டிருந்தார்கள். நல்ல தமிழில், கண்ணியமாக இருக்க வேண்டுமாம். தொப்பியைப் பற்றி எழுத வேண்டாமாம். சிவபாதம் செத்த கதையும் வேண்டாமாம். தொப்பியும் இல்லாமல், சிவபாதத்தின் சாவும் இல்லாமல் உங்களை எப்படி எழுதுகிறது? மலரை அவர்களே எழுதிக்கொள்ளட்டும். நான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் வானொலிக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று சொன்னால் மிச்சம் என்கிற இந்த லண்டன் ஓரத்து ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிவபாதத்தின் மரக்கறிக் கடைக்கு மேலே, வெங்காய மூட்டை அடுக்கிவைத்த அறைதான் நமது கலையகம். பாரிசில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து கடை போட்டவர் அவர். கடைக்கு விளம்பரம் வேண்டுமென்பது அவர் ஆசை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வெளியிலும் நாலு பேர் என் தமிழைக் கேட்க வேண்டுமென்பது என் ஆசை. அவர் அறை தந்தார், நீங்கள் வயர் தந்தீர்கள், நான் தமிழ் தந்தேன். சுவரெல்லாம் கடையில் மிஞ்சிய முட்டை மட்டைகளை ஒட்டினீர்கள். சத்தம் வெளியே போகாது, உள்ளே வராது என்றீர்கள். கீழே பஸ் நிற்கும்போதெல்லாம் அது போகிற ஊரைச் சொல்லும் ஆங்கிலக் குரல் என் செய்திக்குள் வந்து குந்திக்கொள்ளும். வவுனியாவில் வெள்ளம் என்று நான் வாசித்து முடிக்க, அந்தப் பெண் குரல் 'குரோய்டன்' என்று சொல்லும். குரோய்டனிலும் வெள்ளமோ என்று கேட்டு அழைத்தவர்கள் உண்டு.

உங்கள் நிபந்தனை ஒன்றே ஒன்று. "எனக்கு ஒண்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் தாங்கோ." நீங்கள் மன்னார்க்காரர், மாதா கோயில் பூசை தவறாதவர், வேதப் பாட்டுப் போடப்போகிறீர்கள் என்று சிவபாதம் நினைத்துவிட்டார். முதல் ஞாயிறு ஸ்டீல் கிற்றார் அழத் தொடங்கியது. அடுத்த நிமிடம் பலாக்காய் வெட்டுகிற கத்தியும் கையுமாகச் சிவபாதம் படியேறி வந்தார்.

"என்ன இது? ஆரோ குதிரையில போறான்!"

"இது கன்ட்ரி பாட்டு, அண்ணை."

"எந்த கன்ட்ரி?"

அன்று வைத்த பெயர்தான் குதிரைப் பாட்டு. பிறகு என்ன சொல்லியும் மாறவில்லை.

நீங்கள் ஏன் அந்தப் பாட்டில் போய் விழுந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்த கதையைச் சொன்னீர்கள். பொதுக் குசினியில் ஒரு ரேடியோ. அதில் பேசுகிற ஜெர்மன் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஊசியைக் கொஞ்சம் தள்ளியதும், பக்கத்து அமெரிக்க முகாமின் வானொலியில் ஒருவன் ஆங்கிலத்தில் பாடினான். தாயை விட்டு வந்தானாம், ஊரை விட்டு வந்தானாம், லொறி ஓட்டுகிறானாம். "டீச்சர், அவனுக்கு லொறி, எனக்கு வள்ளம். மற்றதெல்லாம் ஒண்டுதான்" என்றீர்கள். அன்றைக்கு நான் கேலி, பகிடி ஒன்றும் சொல்லவில்லை. நான் பகிடி சொல்லாமல் விட்ட நாட்கள் குறைவு என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்காக அந்தத் தொப்பியை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மாட்டுத் தோல் தொப்பி, இரண்டு பக்கமும் மேலே வளைந்தது. மழைக்கும் அதுதான், மாதா சுரூபம் தூக்கிப் போகிற திருநாளுக்கும் அதுதான். கோயிலுக்குள் கழற்றச் சொல்லி ஃபாதர் கேட்டபோது கழற்றி முதுகில் தொங்கவிட்டீர்கள். பின்னால் நின்ற எங்களுக்குப் பீடம் தெரியவில்லை.

இனி அந்தக் கிற்றாருக்கு வருகிறேன். எல்லா வினையும் அதில்தானே தொடங்கியது.

நம் வானொலியை மிச்சம் முழுக்கக் கேட்டது என் செய்திக்காக இல்லை, மரண அறிவித்தலுக்காக. எனக்கு அதில் மனவருத்தம் ஒன்றும் இல்லை. நம் சனத்துக்கு யார் இறந்தது, கிரியை எங்கே, எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் செய்தி. அறிவித்தலின் பின்னணியில் ஒரு வீணை இசை போடுவேன். ஒரு நாள், ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவரின் அறிவித்தல் நடுவில் வீணை இசைத்தட்டு கீறலில் மாட்டி, ஒரே சுரத்தை டொய்ங் டொய்ங் என்று அடிக்கத் தொடங்கியது. நான் கண்ணால் கெஞ்ச, நீங்கள் அதை இழுத்தெடுத்துவிட்டு உங்கள் கிற்றார்த் தட்டைப் போட்டீர்கள். உங்கள் நிகழ்ச்சியின் முகப்பில் வருகிற அதே பாட்டு, அதே அழுகை.

அன்று மாலை தபாலதிபரின் வீட்டார் அழைத்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். "அந்தக் கிற்றார் என்ன மாதிரி இருந்தது! அழாத ஆக்களும் அழுதவை" என்றார்கள். அதற்குப் பிறகு யார் வீட்டில் செத்தாலும், "வீணை வேண்டாம், அந்தக் கிற்றாரைப் போடுங்கோ" என்றுதான் கேட்டார்கள். நீங்கள் பெருமையில் பூரித்துப் போனீர்கள். சரி, இனி உங்கள் ஞாயிறு நிகழ்ச்சிக்கு வேறு முகப்பு இசை தேடுங்கள் என்று நான் எவ்வளவு சொன்னேன்? "அது என்ர பாட்டு, டீச்சர். செத்தவைக்கு இரவல் குடுத்தனான், எழுதிக் குடுக்கேல்லை" என்றீர்கள். பிடிவாதம் என்றால் பிடிவாதம்!

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரித்து வயிறு நோகிறது. பொயிலர் திருத்தப் போகிற வீடுகளிலெல்லாம் நீங்கள் விசாரித்தீர்கள். ஞாயிறு பின்னேரம் உங்கள் நிகழ்ச்சி தொடங்கியதும் எல்லா வீட்டிலும் ரேடியோவைப் பெரிதாக வைக்கிறார்களாம். பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்கிறார்களாம். சமைக்கிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறார்களாம். "சனம் மெல்ல மெல்லத் திரும்புது, டீச்சர்!" என்று வந்து சொன்னீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு தொலைபேசியே உங்களுக்கு விளக்கம் சொன்னது.

"ஆர் மோசம் போனது?"

"ஒருத்தரும் மோசம் போகேல்லை, அம்மா. இது பாட்டு நிகழ்ச்சி."

"ஒருத்தரும் சாகாம ஏன் இதைப் போடுறியள்? எனக்கு நெஞ்சு பக்கெண்டு போச்சு!"

முகப்பு முடிந்து பாடகன் வாய் திறக்குமுன் இப்படி நாலு அழைப்பு வந்துவிடும். நீங்கள் பாட்டைத் தணித்துவிட்டு மைக்கில், "பயப்பிடாதேங்கோ, இண்டைக்கு ஒருத்தரும் மோசம் போகேல்லை" என்று சொல்ல வேண்டிவரும். சொன்னதும் மிச்சம் முழுக்க ஆறுதலாக ரேடியோவை நிற்பாட்டிவிடும். உங்களுக்கு உயிரான அந்தப் பாட்டு ஒரு நாளும் முழுசாகப் போனதில்லை. பக்கத்தில் இருந்த நானே அதை முழுசாகக் கேட்டதில்லை.

சிவபாதத்துக்கு அறுபது வயது வந்தது. ஓயாமல் புறுபுறுக்கிற மனிதரைக் கொஞ்சம் குளிர வைக்கலாம் என்று, அவருக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்தோடு நிகழ்ச்சியைத் தொடங்க நினைத்தீர்கள். நல்ல எண்ணம்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் தினமும் அறிவித்தல் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, ஒரு மனிதரை வானொலியில் மரியாதையாகச் சொல்கிற முறை அதுதான் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். கிற்றார் அழ, அதன் மேல் உங்கள் கனத்த குரல்:

"யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், பாரிசை முன்னாள் வதிவிடமாகவும், மிச்சத்தைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட, பிரபல வர்த்தகர் திரு சிவபாதம் அவர்கள்..."

அதற்கு மேல் யார் கேட்டது? இன்றைக்குத் தன் அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடுகிறார் என்று நீங்கள் சொல்லி முடிக்கும்போது, சனம் ரேடியோவை விட்டுவிட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்லத் தொலைபேசியைத் தூக்கியிருந்தது.

நான் அப்போது கீழே கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு நின்றேன். சிவபாதம் யாருக்கோ வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். முதலில் ஓடி வந்தவர் எதிர்க் கடை இராசன். வான் நிறுத்துகிற இடத்துக்காகச் சண்டை பிடித்து, இரண்டு பேரும் வருடக்கணக்காக முகம் பார்க்காதவர்கள். தன் கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு, "ஐயோ சிவா அண்ணை, கோவத்தோடயே போயிட்டியளே!" என்று குளறிக்கொண்டு வந்து, வாழைக்குலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

தராசுக்குப் பின்னாலிருந்து சிவபாதம் கேட்டார். "என்ன வேணும்?"

இராசன் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு வரிசையாக வந்தார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று சோறும் பருப்பும் சட்டியோடு வந்தது. பிளாஸ்க்கில் தேத்தண்ணி வந்தது. அப்டன் பார்க்கிலிருந்து மச்சான்காரன் கறுப்பு உடுப்போடு வந்தார். பார்க்கிங் என்கிற கிழக்கு லண்டன் ஊரிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து இறங்கி, கடை வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டு, உள்ளே 'செத்தவர்' நிற்பதைக் கண்டதும் நடுவில் நிறுத்தினார்கள். சிவபாதத்தின் மனைவி வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். ஒரு கணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அடுத்த கணம் கைப்பையால் அவருக்கு ஒன்று போட்டார். "உயிரோட இருந்தா ஒரு போன் எடுக்கக் கூடாதே!"

மேலே உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குத்தான் தொலைபேசி ஒரு தரமும் அடிக்கவில்லை. எல்லோரும் நேரே கடைக்கு வந்துவிட்டார்கள். வரிசையாகப் பாட்டுப் போட்டுவிட்டு, தொப்பியோடு படியிறங்கி வந்து, கடை நிறைந்த கூட்டத்தைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் மலர்ந்தது.

"அட, எல்லாரும் பிறந்தநாளுக்கு வந்திட்டியளே!"

அந்த இடத்திலேயே உங்களைக் கொன்று உண்மையான செத்த வீடாக்கியிருப்பார்கள். கொண்டு வந்த சோறு ஆறிவிடும் என்று யாரோ சொன்னதால்தான் தப்பினீர்கள். எல்லோரும் மரக்கறிப் பெட்டிகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இராசனுக்குச் சிவபாதமே சோற்றுக் கோப்பை எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

ஆனால் மறுநாள் வானொலிக் கூட்டத்தில் அவர் முகம் இறுகியிருந்தது. குதிரைப் பாட்டை நிற்பாட்ட வேண்டும் என்றார். நீங்கள் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் மெல்லச் சொன்னீர்கள். "கிழமை முழுக்க ஆக்களின்ர பொயிலருக்குள்ள தலையை விடுறன், அண்ணை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணித்தியாலம்தான் நான் நானாயிருக்கிறது."

சிவபாதம் சுற்றுகிற தொப்பியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஆராவது கேக்கினமோ? நேயர் விருப்பம் எண்டு ஆராவது ஒரு ஆள் அந்தப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கினமோ? அறிவித்தலுக்குக் கேக்கிறது கணக்கில்லை. உண்மையான ஒரு நேயர், பாட்டுக்காகக் கேக்கட்டும். வைச்சிருப்பம். ஈஸ்டர் வரைக்கும் தவணை."

அன்றைக்குத் தொடங்கியது உங்கள் ஸ்டிக்கர் யுத்தம். குளிர்ப்பெட்டியில் ஒட்ட ஒரு வீட்டுக்காரியும் விடவில்லை. கதவில் ஒட்டினால், இது கவுன்சிலின் வாடகை வீடு, பிரச்சினை வரும் என்றார்கள். நீங்கள் யோசித்துவிட்டு, எவரும் தடுக்காத இடத்தில், பொயிலர் மூடிக்கு உட்பக்கம் ஒட்டத் தொடங்கினீர்கள்.

"விசரே உங்களுக்கு? பொயிலருக்குள்ள ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன்.

"பழுதாகேக்க பாப்பினம், டீச்சர். வீடு குளிருற நேரத்திலதானே மனுசருக்குப் பாட்டுத் தேவை."

ஒருவரும் அழைக்கவில்லை. ஈஸ்டர் நெருங்க நெருங்க உங்களுக்கு அந்தரம் பிடித்தது. ஒரு ஞாயிறு நீங்கள் 'கொஞ்சம் வாறன்' என்று வெளியே போனீர்கள். தொலைபேசி அடித்தது. மெல்லிய பெண் குரல் மாதிரி ஒரு குரல். "நான் பார்க்கிங்கில இருந்து மேரி கதைக்கிறன். அந்தக் குதிரைப்... கன்ட்ரி பாட்டை ஒருக்காப் போடுவியளோ?" அந்த நேரம் பார்த்துக் கீழே பஸ் வந்து நின்றது. 'குரோய்டன்' என்று அந்தப் பெண் சொன்னது யன்னலாலும் வந்தது, மேரியின் தொலைபேசியாலும் வந்தது. கூட நின்ற சிவபாதம் போய்ப் படிக்கட்டுக் கதவைத் திறந்தார். மேரி தொப்பியோடு நின்றா.

உண்மையாகவே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஈஸ்டர் முடிந்த திங்கள், சிவபாதம் மேலே வந்தார். நீங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் முட்டை மட்டைகளைப் பார்த்தார், வெளியே பஸ்ஸைப் பார்த்தார். "கிறிஸ்மஸ் மட்டும் பாப்பம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கிறிஸ்மஸ் வந்தது, கேட்டவர் இல்லை. "ஈஸ்டர் மட்டும்" என்றார். இப்படியே வருடங்கள் போயின. ஒவ்வொரு தவணைக்கும் உங்களை வாய் நிறையத் திட்டுவார், திட்டி முடித்து இன்னொரு தவணை தருவார். ஏன் தருகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. உங்களுக்கும் விளங்கவில்லை. உலகத்தில் தவணையில் ஓடிய கன்ட்ரி வானொலி நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு நீங்கள் நோயில் படுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் சேலைன் தொங்குகிற கம்பியில் தொப்பியைக் கொளுவி வைத்திருந்தீர்கள். தாதிப் பெண் அதைத் தள்ளித் தள்ளிச் சேலைன் மாற்றினாள். நான் கொண்டு வந்த சூப்பைக் குடிக்காமல், என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"டீச்சர், பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் எல்லாம் வடிவா வாசியுங்கோ. ஆனா பாட்டை வெட்டாதேங்கோ. ஒரு தரம் முழுசா விடுங்கோ. ஒருத்தரும் கேக்காட்டியும் பறவாயில்லை."

"நீங்களே எழும்பி வந்து போடுங்கோ. எனக்கு அந்த மெஷின் பிடிபடாது" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? நீங்கள் சிரித்தீர்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, சூப் நல்ல உப்பு என்றீர்கள்.

உங்கள் அறிவித்தலை வாசித்தது நான்தான். எத்தனையோ பேரை அனுப்பி வைத்த குரல், எனக்குத் தடக்காது என்று நினைத்திருந்தேன். கிற்றார் தொடங்கியது. மன்னாரைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனியை முன்னாள் வதிவிடமாகவும், மிச்சத்தை வதிவிடமாகவும் கொண்ட என்று வாசித்து, உங்கள் பெயருக்கு வந்தபோது என்னால் ஏலவில்லை. மைக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து, மறுபடியும் திறந்துதான் பெயரைச் சொன்னேன். வாசித்து முடித்ததும் வழக்கமாகப் பாட்டைத் தணிக்கிற பொத்தானில் கை போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் முறையாக அந்தப் பாடகன் முழுசாகப் பாடினான், அண்ணை. வேலை முடிந்து வருகிற ஒருவன். தூரத்தில் தன் வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வருகிறான். அவ்வளவுதான் பாட்டு. அதில் குதிரையே இல்லை! இத்தனை வருடம் குதிரைப் பாட்டு, குதிரைப் பாட்டு என்று உங்கள் உயிரை வாங்கினோமே, ஒரு குதிரைகூட இல்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

தொலைபேசி அடிக்கவில்லை. யார் மோசம் போனது என்று கேட்க ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். பாட்டு முடிந்தது. அப்போதுதான் மேசையில் தொலைபேசியின் சிவப்பு விளக்கு மின்னியது.

"டீச்சர், நான் கீழ இருந்து கதைக்கிறன்." சிவபாதம். "அந்தப் பாட்டைத் திருப்பிப் போடுங்கோ."

"என்னண்ணை?"

"காது கேக்கேல்லையே? திருப்பிப் போடுங்கோ. நேயர் விருப்பம் எண்டு சொல்லுங்கோ. என்ர பேரைச் சொல்லிப் போடுங்கோ. ஒரு ஆள் கேட்டாக் காணும் எண்டு நான்தானே சொன்னனான்."

நான் இசைத்தட்டைத் திரும்ப முதலுக்கு விட்டேன். அவரே தொடர்ந்தார். "அண்டைக்கு என்னைச் சாகடிச்சவரெல்லே. உயிரோட இருந்துகொண்டு, எனக்காக ஆர் ஆர் அழுதது எண்டு பாத்தனான், டீச்சர். அந்த இராசன் வாழைக்குலையைப் பிடிச்சுக்கொண்டு அழுதான். ஆருக்குக் கிடைக்கும் அந்தக் காட்சி? அதை எனக்குக் காட்டின மனிசனைப் பேந்து எப்பிடி நான் நிப்பாட்டுறது? நேர சொல்ல வெக்கமாயிருந்தது. அதுதான் தவணை தவணையெண்டு..." தொலைபேசியை வைத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

மைக்கைத் திறந்து, கிற்றார் தொடங்க, சொன்னேன்: "இது ஒரு நேயர் விருப்பம். மிச்சத்திலிருந்து திரு சிவபாதம் அவர்கள்..."

அந்தப் பெயரை அந்தக் கிற்றாருக்கு மேல் சொல்லலாமா, அண்ணை? நான் படித்த பெண், எனக்குப் புத்தி எங்கே போனது? பாட்டு என்று நான் சொல்லி முடிக்கவில்லை, தொலைபேசி விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. முதல் அழைப்பு இராசன். "டீச்சர், சிவா அண்ணையுமோ?" நான் பதில் சொல்லுமுன் தொலைபேசியைப் போட்டுவிட்டார். யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வீதியைக் கடந்து ஓடி வந்துகொண்டிருந்தார். கீழே சிவபாதம் கடை வாசலில் நின்று, வருகிற ஆட்களுக்கெல்லாம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "இருக்கிறன்! இருக்கிறன்! நான் பாட்டுத்தான் கேட்டனான்!"

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் தாங்க முடியாமல் இருக்கிறது. உங்களுக்கென்று ஒரு நேயர் வந்த நாளில் நீங்கள் இல்லை.

இப்போது ஞாயிறு பின்னேரம் உங்கள் நிகழ்ச்சியை நான்தான் செய்கிறேன். தவணை என்ற பேச்சே இல்லை. நேயர் விருப்பமும் ஒழுங்காக வருகிறது. போன கிழமை பார்க்கிங்கிலிருந்து பீற்றர் என்று ஒருவர் அழைத்து, அதே பாட்டைக் கேட்டார். அவருடைய தொலைபேசியிலும் 'குரோய்டன்' என்று பஸ் சொன்னது. நான் படிக்கட்டுக் கதவைத் திறந்து பார்க்கவில்லை. "நன்றி பீற்றர், உங்கள் கடையில் முருங்கைக்காய் வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டேன். "நாளைக்கு வரும்" என்றார் பீற்றர்.

போலந்துக்காரர் வேலை முடிந்து, அந்த ஸ்டிக்கரை உரித்துவிடவா என்று கேட்டார். தொடக்கூடாது என்றேன். மூடியைப் போட்டுவிட்டுப் போனார். மிச்சம் முழுக்கச் சுவர்களுக்குள்ளே உங்கள் பூசணிக்காய்க் கிற்றார் சூடாக இருக்கிறது. ஒவ்வொரு மாரிக் குளிருக்கும் ஏதாவதொரு வீட்டில் ஒரு மூடி கழலும்.

கிற்றார் தொடங்கினால் சனம் இன்னும் அழைக்கத்தான் செய்கிறது. நானும் உங்களைப் போலவே பாட்டைத் தணித்து, "பயப்பிடாதேங்கோ, இண்டைக்கு ஒருத்தரும் மோசம் போகேல்லை" என்று சொல்கிறேன். சொல்லும்போது பக்கத்துக் கதிரையில் உங்கள் தொப்பி இருக்கும். பொய்தான், அண்ணை. ஆனால் பாட்டு ஓடுகிற அந்த நேரம் மட்டும், சொல்கிற எனக்கே அது உண்மை மாதிரி இருக்கிறது.